கடிதத்தில் குழந்தைகள் இல்லை

"நேரந்தவறாதவர். சுத்தம் பேணுபவர். சக ஊழியர்களுடன் இணக்கமாகப் பழகுபவர். இவரது எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றியளிக்க வாழ்த்துகிறேன்." கடந்த ஜனவரியில் எங்கள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் சேவைச் சான்றிதழில் இருந்த வாசகங்கள் இவை. இரண்டு வருடமும் நான்கு மாதமும் வேறோர் ஊரில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுக்கப்பட்ட கடிதம். முதல் தடவை வாசித்தபோது எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. விண்ணப்பக் கோவையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில், பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன்பு கிடைக்கும் அரை மணி நேரத்தில், மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கடிதம் முழுவதிலும் 'குழந்தை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மேலே அச்சிட்டிருந்த நிலையத்தின் பெயரை மறைத்துவிட்டால், புடவைக் கடையில் பில் போட்டவருக்கும் அதே கடிதத்தைக் கொடுத்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடித்ததற்காக என்னைக் கெட்டிக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே மாதிரியான கடிதமொன்றை மூன்று வருடங்களுக்கு முன்பு நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் வடிவம் எனக்கு மனப்பாடம்.

இலங்கை மலைநாட்டின் ஹட்டனில், பிரதான வீதியிலிருந்து நாற்பது படிகள் ஏறிப் போனால் வரும் பழைய வீடொன்றில் எங்கள் நிலையம் இருக்கிறது. இருபத்திரண்டு பிள்ளைகள். பெரும்பாலும் ஆசிரியைகளின் பிள்ளைகள், டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதியரின் பிள்ளைகள், வங்கியிலும் கடையிலும் நிற்பவர்களின் பிள்ளைகள். ஒன்றரை வயதில் வந்து, பள்ளிக்கூடம் சேரும்வரை இருப்பார்கள். என்னோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் விலகினால் அடுத்தவரைத் தேடுவது எத்தனை பாடு என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். சம்பளம் பெரிதில்லை, பொறுமை நிறைய வேண்டும், மழைக்காலத்தில் நாளொன்றுக்கு நாற்பது தடவை ஈரத்துணி மாற்ற வேண்டும்.

நான் எழுதிய கடிதம்

அந்தப் பெண்ணை நான் இங்கே பெயர் சொல்லி எழுதப் போவதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், இருபத்துமூன்று வயது, பாட்டுப் பாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாள் மத்தியானத் தூக்க நேரத்தில் நான் எதிர்பாராமல் அறைக்குள் போனபோது, இரண்டரை வயதுப் பையனொருவனின் கணுக்காலைத் துப்பட்டாவால் கட்டிலின் காலோடு கட்டி வைத்திருந்தார். பையன் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். அழவில்லை. அவன் அழாமல் கிடந்தது எனக்கு இன்றும் நினைவிலிருந்து போகவில்லை. "இறங்கி ஓடி விழுந்துறக் கூடாதுன்னுதான் கட்டினேன் டீச்சர்" என்றார். கடுமையாகச் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். பத்து நாட்கள் கழித்து இன்னொரு பிள்ளையின் காலில் சிவந்த தடத்தைப் பார்த்தேன். அன்றைக்கே வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னேன். இரண்டு தாய்மாருக்கும் விடயத்தைச் சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

மாதக் கடைசியில் சம்பளத்தை வாங்க அவர் தன் தாயோடு வந்திருந்தார். தாய் கொழுந்து எடுக்கிறவர், அன்று ஒரு நாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம், கீழே இரண்டு தங்கச்சிமார் படிக்கிறார்கள். "ஒரு கடிதம் மட்டும் குடுங்க டீச்சர், வேற ஒண்ணும் வேணாம்" என்று அந்தத் தாய் கேட்டபோது, என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அன்றிரவு என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசிக்கவேயில்லை. "எழுதிக் குடு. ஆருடைய வயித்துலயும் அடிக்கக் கூடாது" என்றார்.

எழுதினேன். நேரந்தவறாதவர் என்று எழுதினேன், அது உண்மை. சுத்தமானவர், அதுவும் உண்மை. பாட்டுத் திறமை உள்ளவர் என்றும் சேர்த்தேன். ஒரு பொய்கூட எழுதவில்லை என்ற திருப்தியோடு முத்திரையைக் குத்தினேன். இன்று நினைத்தால், அந்தத் திருப்திதான் எல்லாவற்றிலும் மோசமானது. கடிதத்தின் கீழே என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தேன். யாராவது அழைத்துக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவரும் அழைக்கவில்லை.

துண்டும் சீட்டும்

என் அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தை வெறும் இரக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலை கொடுப்பவர் எழுதித் தரும் காகிதத்துக்கு எங்கள் மலைநாட்டில் ஒரு நீண்ட, கசப்பான சரித்திரம் இருக்கிறது. தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவார்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கொடுத்து ஆட்களை எடுக்கும், கடன் ஆட்களின் தலையிலேயே தொடரும். 1921ஆம் ஆண்டு அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் காகிதத்தின் மீதான பயம் அதோடு போய்விடவில்லை. வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டான 'பத்துச்சீட்டு' என்ற சொல்லை என் பாட்டி சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்றால் வேலை மட்டும் போகாது, தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவும் போய்விடும். பேரேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கூரை இல்லை. சங்கத்தில் சேர்ந்தார், கணக்கப்பிள்ளையோடு வாய்த்தர்க்கம் செய்தார் என்பதற்காக மூட்டை முடிச்சுகளோடு இறக்கிவிடப்பட்ட குடும்பங்களின் கதை இல்லாத லயம் எங்கள் பக்கத்தில் இல்லை.

அப்படி வந்த ஒரு சமூகத்தில், ஒருவரைப் பற்றிக் கூடாததை எழுத்தில் வைப்பது துரையின் பக்கம் போய் நிற்பது போலத்தான். ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் நல்ல கடிதம் கொடுக்கிறோம். கோவில் தலைவர் கொடுக்கிறார், பாதிரியார் கொடுக்கிறார், தொழிற்சங்க மாவட்டத் தலைவர் 'எமக்கு நன்கு அறிமுகமான குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று கட்சி இலச்சினையின் கீழ் கொடுக்கிறார். (அந்தத் தலைவருக்கு விண்ணப்பதாரியின் பெயரே சரியாகத் தெரியவில்லை என்பதை ஒரு கடிதத்தில் நானே கண்டிருக்கிறேன். இரண்டு பந்திகளில் இரண்டு பெயர்கள்.) எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் கடிதக் கட்டில் யார் பிள்ளையின் காலைக் கட்டுவார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசாங்கத்தின் காகிதங்களும் இந்த இடத்தில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தோடு வருகிறது, ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவரா, நடத்தை எப்படி என்று அதில் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் பல தோட்டங்களை ஒரு பிரிவாகப் பார்க்கும் உத்தியோகத்தர், மேற்கணக்கு லயத்தின் மூன்றாவது காம்பராவில் இருக்கும் ஒரு பெண்ணின் நடத்தையை எப்படி அறிவார்? பொலிஸ் அறிக்கையில் முறைப்பாடாக வந்தது மட்டுமே இருக்கும். துப்பட்டாவால் கட்டியதற்கு நான் முறைப்பாடு செய்யவில்லையே. பராமரிப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே துன்புறுத்துவதும் புறக்கணிப்பதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் 1929 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தை எங்கள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டி வைத்த கை ஒரு நாளும் அந்த இலக்கத்தை அழுத்தியதில்லை.

ஊழியர் சேமலாப நிதியின் கணக்குக் கூற்று ஓரளவு உதவும். வேலை கொடுப்பவரின் பன்னிரண்டு வீதமும் ஊழியரின் எட்டு வீதமும் எந்த எந்த மாதங்களில் கட்டப்பட்டன என்று பார்த்தால், கடிதத்தில் சொன்ன காலம் சரியா, இடையில் எத்தனை மாதம் வெற்றிடம் என்பது தெரிந்துவிடும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களில் வேலை செய்தவர்களுக்கு இது வசதி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்கு மாறியபோது தோட்ட மக்களின் நலனுக்காகத் தோன்றிய ட்ரஸ்டின் கீழ் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகின. அங்கே பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார், வரவுப் பதிவு இருக்கிறது, கேட்க ஒரு ஆள் இருக்கிறார். எங்களைப் போன்ற நகரத்து நிலையங்கள் பலவோ நிதியே கட்டுவதில்லை. வெளிநாடு போய் வந்தவர்களின் பாடு இன்னும் கஷ்டம். குவைத்தில் எட்டு வருடங்களாக மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிட்டு வந்த அக்கா ஒருவர் என்னிடம் வேலைக்கு வந்தார். அவரை அனுப்புவதற்கு முன் இங்கே அவருடைய குடும்பப் பின்னணி பற்றி அறிக்கை கேட்டார்கள். எட்டு வருடம் முடிந்து அனுப்பிய வீட்டாரோ ஒரு துண்டுக் காகிதமும் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் படங்களைத் தொலைபேசியில் காட்டினார். அதுதான் அவருடைய சேவைச் சான்றிதழ்.

தொலைபேசி

என் கடிதம் மனதை அரித்துக்கொண்டிருந்ததால், யாரை எடுப்பதென்றாலும் பழைய இடத்துக்கு நேரே பேசுவது என்று வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் அதையும் பிழையாகவே செய்தேன். கடிதத்தில் இருந்த கைத்தொலைபேசி இலக்கத்தை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்து, நான் கேட்பதற்கு முன்பே புகழத் தொடங்கினார். "எத்தனை பிள்ளைகளை அவங்க பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "எல்லாப் பிள்ளைகளையும்" என்றார். விண்ணப்பதாரியின் மச்சாள்தான் பேசியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு கடிதத்தில் உள்ள இலக்கத்தை நான் நம்புவதில்லை. நிலையத்தின் நிலையான தொலைபேசியைத் தேடி எடுக்கிறேன், அல்லது அந்த ஊரில் தெரிந்த ஆசிரியை ஒருவரைப் பிடிக்கிறேன்.

எப்படிப்பட்டவர் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அப்படிக் கேட்டால் "நல்ல பிள்ளை" என்ற பதில்தான் வரும். ஒரு தடவை மாறாக, "வாய்க்காரி, ஒத்து வராது" என்ற பதில் வந்தது. அதை நம்பிக் கோவையை மூடியிருப்பேன். ஏதோ ஒரு எண்ணத்தில், என்ன நடந்தது என்று கேட்டேன். பதினான்கு கைக்குழந்தைகளை ஒருவரால் பார்க்க ஏலாது என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டாராம். அந்த வாய்க்காரி இப்போது எங்கள் தூக்க அறைக்குப் பொறுப்பாக இருக்கிறார். ஆகவே குணத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்கிறேன். எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்தால் அவர் என்ன செய்வார், தூங்கும் நேரத்தில் கூட யார் இருந்தார்கள், ஏன் விலகினார். கடைசியாக, மறுபடி வந்து கேட்டால் எடுப்பீர்களா என்றும் கேட்பேன்.

ஜனவரியில் வந்த கடிதத்துக்காக நான் அழைத்த நிலையம் பண்டாரவளைப் பக்கத்தில் இருந்தது. எடுத்தவர் என்னைவிட மூத்தவர் என்பது குரலிலேயே தெரிந்தது. வயதையும் எண்ணிக்கையையும் தயங்காமல் சொன்னார். "ஏன் விலகினாங்க?" என்றதற்கு, "கல்யாணம் பேசிக்கிட்டிருந்தாங்க" என்றார். மறுபடி எடுப்பீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தமும், தூரத்தில் ஒரு பிள்ளை சிணுங்குவதும் கேட்டன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "நீங்க ஒரு நாளைக்கு இங்கிட்டு வாங்களேன் டீச்சர்" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை காலை ரயிலில் போனேன். வேலைக்கு வந்த ஒருவரைப் பற்றி விசாரிக்க ஒரு பகல் முழுவதையும் செலவழிப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். சாப்பிட மறுத்த பிள்ளைகளை அந்தப் பெண் மலசல கூடத்துக்குள் விட்டு வெளியே தாழ் போடுவாராம். விளக்கில்லாத அறை. இரண்டு தடவை கண்டிருக்கிறார். மூன்றாவது தடவையை ஒரு பிள்ளையே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. "அதை எப்படி டீச்சர் கடிதத்துல எழுதறது? கல்யாணம் பேசிக்கிட்டிருந்த வீட்டுக்காரங்க கையில போனா அந்தப் பிள்ளையின்ட வாழ்க்கை என்னாகும்? வழக்குப் போட்டா நான் என்ன செய்யறது?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீங்களா இருந்தா எழுதியிருப்பீங்களா?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேநீரைக் குடித்தேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடிதத்தை எழுதியவர்களாக உட்கார்ந்திருந்தோம். அவராவது நான் கேட்டதும் சொல்லிவிட்டார்.

அவருடைய பயத்தை ஒரு சட்டத்தரணித் தோழியிடம் பிறகு கேட்டுப் பார்த்தேன். அவதூறு 2002ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, யாரும் அதற்காகச் சிறைக்குப் போகப் போவதில்லை என்றார். சிவில் வழக்கு என்று வந்தாலும், அறிந்துகொள்ள நியாயமான தேவை உள்ள ஒருவர் கேட்கும்போது, குரோதமில்லாமல், தான் உண்மையென்று நம்புவதைச் சொல்லும் பழைய எசமானுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டாம். சந்தியில் நின்று பேசினால்தான் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நாங்களோ நேர்மாறாக நடக்கிறோம். சந்தியில் எல்லாம் பேசிவிடுவோம், கேட்க வேண்டியவர் கேட்டால் நல்ல பிள்ளை என்போம்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன். பண்டாரவளைக்குப் போனதைச் சொல்லாமல், பழைய இடத்தில் பிள்ளைகள் விடயமாக ஏதாவது பிரச்சினை வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். கண்டிப்பாக ஒன்றுமே இல்லையா என்றேன். இல்லவே இல்லை, கடிதத்தைப் பாருங்கள் மிஸ் என்றார். வேலை கொடுக்க முடியாது என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

இலக்கத்தைத் தேடி

அதன் பிறகும் மனம் அடங்கவில்லை. காலைக் கட்டிய என்னுடைய பழைய பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். தலவாக்கலைக்கு அப்பால் ஒரு முன்பள்ளியோடு சேர்ந்த பராமரிப்பு நிலையத்தில் இரண்டு வருடத்துக்கு மேலாக இருக்கிறாராம். அந்த இடத்தின் இலக்கத்தை வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் அலைந்தேன். இப்போது சொல்வது யாருக்கு உதவும், இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்யும் ஒருவரின் சோற்றில் மண்ணைப் போடுவதா என்று ஒரு பக்கம். அங்கேயும் ஒரு தூக்க அறை இருக்கிறதே என்று மறு பக்கம். ஐந்தாம் நாள், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, அழைத்தேன்.

பொறுப்பாக இருந்தவர் இளம் வயதுப் பெண். என் பெயரையும் நிலையத்தையும் சொன்னவுடன், "ஓ, உங்க கடிதம் எங்க ஃபைல்ல இருக்கு டீச்சர்" என்றார். அந்தக் கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது என்று தொடங்கி, கட்டில், துப்பட்டா, இரண்டாவது பிள்ளையின் கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"கட்டினதா? அது எனக்குத் தெரியும் டீச்சர். நேர்முகத்துக்கு வந்தப்பவே அவங்களே சொல்லிட்டாங்க. ஏன் அங்கேருந்து நின்னீங்கன்னு கேட்டேன், அழுதுக்கிட்டே சொன்னாங்க. முதல் ஒரு வருஷம் நான் அவங்களைத் தூங்கற ரூமுக்குத் தனியா விடல்ல. இப்ப விடறேன்."

ஏன் அப்போதே எனக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கவில்லை என்றேன். என் குரலில் கொஞ்சம் குறைபடும் தொனிகூட இருந்திருக்க வேண்டும்.

"அவங்க வாயால சொன்னது உங்க கடிதத்துல இல்லையே டீச்சர். எழுதாதவங்க போன்ல மட்டும் சொல்லவா போறாங்கன்னு நினைச்சேன்."

கடிதத்தைத் திருத்தி எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். "இனி எதுக்கு டீச்சர்" என்று சிரித்துவிட்டு, மழை வரப் போகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று தொலைபேசியை வைத்தார்.